விறகுக் கட்டைக்கு வந்த வாழ்வு!

"இது எதுக்கு ஆவும்? அடுப்புக்குத்தான்!"

சாலையில் மரம் சாய்ந்தால் இப்படித்தான் தீர்ப்பு. நேராக உள்ள அடிமரம் அறுவை மில்லுக்குப் போகும். கவட்டை, முடிச்சு, வெடிப்பு, பொந்து உள்ள கட்டையெல்லாம் விறகுத் தொட்டிக்கு. அங்கே எடைக்குத்தான் விலை.

ஆனால் அந்தக் கோணல் கட்டைக்காகவே காத்து நிற்கும் ஆட்களும் உண்டு. அழகுக்கு வைக்கும் மரக்கிண்ணம் கடைபவர்கள்! மற்றவர்கள் கழித்ததுதான் அவர்களுக்கு மூலதனம்.

அப்பாவும் மகனும்

அமெரிக்காவில், ஷெனக்டடி நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்தவர் மெல்வின் லிண்ட்குவிஸ்ட். தரப் பரிசோதனை என்ஜினீயர். குறையுள்ள சாமானை ஒதுக்குவது அவர் உத்தியோகம். வீட்டிலோ குறையுள்ள மரத்தையே தேடிப் பிடித்துக் கடைந்தார்! மகன் மார்க்கும் அதே வழியில் இறங்கினார். மகன் கடைந்த மரம் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் மியூசியம் வரை போய்விட்டது.

குறையில் என்ன அழகு?

பூஞ்சை பிடித்த மரத்துக்குள் கறுப்புக் கோடுகள் ஓடும். மையால் போட்ட தேசப்படம் மாதிரி இருக்கும். முழுக்க மக்குவதற்குள் எடுத்துக் காயவைத்துவிட வேண்டும்; அதில்தான் கெட்டிக்காரத்தனம்.

கவட்டையை நடுவே பிளந்தால் மயிலிறகு போல வரி. கழலை மாதிரிப் புடைத்த இடத்தை அறுத்தால் சுழி சுழியாகப் புள்ளிகள். வெடிப்பு இருந்தால் பித்தளைத் தூளைப் பசையில் குழைத்து அடைக்கிறார்கள். வெடிப்பே சரிகைக் கோடாக மின்னும்!

எப்படிக் கடைகிறார்கள்?

முதலில் கட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்க வேண்டும். நட்ட நடுவில் உள்ள தண்டுப் பகுதியைத் தள்ளிவிட வேண்டும். வெடிப்பு கிளம்புவதே அங்கேதான்.

பச்சை மரமாக இருக்கும்போதே தடிமனாக ஒரு கடைசல். 10 அங்குலக் கிண்ணம் என்றால் சுவர் 1 அங்குலம். பிறகு மெழுகு பூசி நிழலில் மாதக்கணக்கில் காயவிடுவார்கள். வட்டம் நீள்வட்டமாகக் கோணிக்கொள்ளும். மறுபடி லேத்தில் ஏற்றி நேராக்குவார்கள். அப்புறம் உப்புத்தாள், எண்ணெய்.

உஷார்!

கோணல் கட்டைக்கு ஒரு பக்கம் கனம் அதிகம். எடுத்த எடுப்பில் லேத்தை வேகமாக ஓட்டினால் கட்டை பிய்த்துக்கொண்டு முகத்துக்கு வரும். மெதுவாக ஓட்டி, கட்டை சமநிலைக்கு வந்த பிறகே வேகம் கூட்ட வேண்டும். முகத்துக்குக் கவசம் கட்டாயம். பூஞ்சை மரத்தூள் நெஞ்சுக்குள் போனால் ஆபத்து. மூக்கு, வாயை மூடும் முகமூடியும் வேண்டும்.

நம்ம ஊர் தூங்குமூஞ்சி

2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை யார் மறக்க முடியும்? நம் சாலைகளில் குடை பிடித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை இங்கே யாரும் பெரிதாக மதிப்பதில்லை. ஹவாய்த் தீவிலோ அதே மரத்தில் கடைந்த கிண்ணத்தைச் சுற்றுலா வந்தவர்கள் காசு கொடுத்து வாங்கிப் போகிறார்கள்! காய்ந்தாலும் அதிகம் சுருங்காத மரம் அது. அதனால் பச்சையாகவே கடையலாம்.

கடைசல் நமக்குப் புதிதா என்ன? கட்டில் கால், தொட்டில் கால், பம்பரம், அம்பாசமுத்திரம் சொப்பு எல்லாம் கடைசல் வேலைதானே! கைத்திறன் இருக்கிறது. மரமும் புயலுக்குப் புயல் விழுகிறது.

அடுத்த மரம் சாயும்போது, கோடாலி விழுவதற்கு முன் ஒரு கடைசல்காரர் வந்து பார்த்தால் போதும். எடைக்குப் போகும் கட்டை எண்ணிக்கைக்கு விலை போகும்!