கிளவுட் வருமுன்னே வில்லியனூர் வந்துவிட்டது, தெரியுமா?

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் பேருந்தில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வில்லியனூர் வந்துவிடும். திருக்காமீசுவரர் கோயில் தேரை அந்தக் காலத்துப் பிரெஞ்சு கவர்னரே வடம் பிடித்து இழுத்த ஊர் இது என்பது பலருக்குத் தெரியும். 1998-ல் தொடங்கி, பின்னர் உலகமே திரும்பிப் பார்த்த ஒரு கிராமத்துத் தகவல் வலையமைப்பின் தலைமையிடமும் இதே வில்லியனூர்தான் என்பது தெரியுமா?

1998 எப்படிப்பட்ட காலம் என்று நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறக்கப்பட்டதே 1995 ஆகஸ்ட் 15-ல்தான். கூகுள் அப்போதுதான் பிறக்கிறது. ஜிமெயில் வர இன்னும் ஆறு ஆண்டு. அந்த நேரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் உதவியோடு, வில்லியனூரில் ஒரு மையத்தைத் திறந்தது. கணினியும் டயல்-அப் இணையமும் அங்கே இருந்தன. எம்பலம், கீழூர், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் என்று சுற்றுவட்டாரத்தில் கிளை மையங்கள். தொலைபேசிக் கம்பியை நம்பிப் பயனில்லை என்பதால் வி.எச்.எஃப். ரேடியோ அலைகள் வழியே குரலும் தகவலும் போய்வந்தன. மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்தகடுகள்! மையத்துக்கு இடத்தை ஊரே இலவசமாகத் தர வேண்டும், சாதி பார்க்காமல் எல்லாரும் உள்ளே வந்து போக வேண்டும் என்பவை நிபந்தனைகள். எம்பலத்தில் அந்த மையம் அமைந்த இடம் ஒரு கோயில் என்றால் நம்புவீர்களா? 2000 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் அதைத் தேடி வந்து எழுதியது. 2001-ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதும் கிடைத்தது.

அந்தப் பட்டியலில் உள்ள கீழூர் வேறொரு வகையிலும் பெரிய ஊர். பிரெஞ்சு ஆட்சியை விட்டு இந்தியாவோடு சேரலாமா என்று 1954 அக்டோபர் 18-ல் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்த இடம் அதுதான். 170 பேர் சேரலாம் என்றார்கள். தேசத்தோடு இணைந்த மண்ணே நாற்பத்து நான்கு ஆண்டு கழித்து இணையத்தோடும் இணைந்தது!

வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை நிலவரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்கக் கடற்படையிடமிருந்து! அந்தக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயர முன்கணிப்பு வரைபடம் வெளியாகும். வில்லியனூர் மையத்தில் இருப்பவர்கள் அதை இறக்கி, படித்துப் புரிந்துகொண்டு, தமிழில் பேசிப் பதிவு செய்து வீராம்பட்டினத்துக்கு அனுப்புவார்கள். அங்கே கடற்கரையில் ஒலிபெருக்கி அலறும். படகைத் தள்ளலாமா வேண்டாமா என்று கரையில் நிற்பவர் அந்தக் குரலைக் கேட்டு முடிவு செய்வார். ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை, கணினியைத் தொட வேண்டியதில்லை, எழுதப் படிக்கக்கூடத் தெரிய வேண்டியதில்லை. இன்று கையில் ஐந்து ஜி செல்போன் இருக்கிறது. அந்த அளவுக்குச் செரித்துக் கொடுத்த தகவல் அதில் எத்தனை வருகிறது?

2004 டிசம்பர் 26 காலை. இத்திட்டத்தின் அறிவு மையம் இருந்த நல்லவாடு என்னும் மீனவக் கிராமம். சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தியைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் போடுகிறார். கடல் ஏறுகிறது என்று இங்கிருந்து பதில் வருகிறது. உடனே ஊரைக் காலி செய்யச் சொல்லுங்கள் என்கிறார். ஊர்க்காரர்கள் ஓடிப்போய் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் தப்பினார்கள். ஒரு போன் அழைப்பு, ஒரு ஒலிபெருக்கி, அந்தக் குரலை நம்பலாம் என்ற பழக்கம். அந்த மூன்றாவது விஷயம்தான் என்னை இன்றும் மயிர்க்கூச்செறிய வைக்கிறது.

இப்போது அந்த அமைப்பின் வடிவத்தைக் கவனியுங்கள். இணையத்திலிருந்து வந்தது எதுவும் நேரே ஊருக்குள் போகவில்லை. நடுவில் ஓர் இடம் அதை வாங்கி, சரிபார்த்து, ஆக வேண்டியதை மட்டும் மேலே அனுப்பியது. இன்று உலகம் முழுக்கக் கோடிகோடியாய் டாலர் புரளும் கிளவுட் மின்னஞ்சல் பாதுகாப்புத் தொழில் நிற்பதும் இதே வடிவத்தின் மீதுதான்!

அது எப்படி என்கிறீர்களா? மின்னஞ்சல் வாங்கும் டொமைன் பெயருக்கு எம்.எக்ஸ். பதிவு என்று ஒன்று உண்டு. இந்த முகவரிக்கு வரும் மடலை எந்தக் கணினியில் கொண்டு சேர்க்க வேண்டும் என்று சொல்லும் வரி அது. அந்த வரியில் பாதுகாப்பு நிறுவனத்தின் கணினியைக் காட்டிவிட்டால் போதும். உங்களுக்கு வரும் மடல் எல்லாம் முதலில் அங்கே போகும். இணைப்பைத் திறந்து பார்ப்பார்கள், சுட்டியைச் சொடுக்கிப் பார்ப்பார்கள், நச்சு இருந்தால் அங்கேயே நிறுத்துவார்கள். அலுவலகத்தில் ஒரு பெட்டிகூட வாங்கி வைக்க வேண்டாம். பிரேசிலில் ஒரு கடைக்கு வந்த புது மோசடி மடல் அங்கே பிடிபட்டால், அதே மடல் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் உள்ள ஒரு பட்டறைக்கு வரும்போது வாசலிலேயே நிற்கும். வாடிக்கையாளர் கூடக்கூடக் காவலும் கூர்மையாகிறது. சந்தை சில பெரிய நிறுவனங்களின் கையில் குவிவதற்கு இதுவே பெரிய காரணம் என்பேன்.

அந்த வாசலுக்கு வரும் குப்பை கொஞ்சமா? உலக மின்னஞ்சலில் 47 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாத மடல்தான் என்கிறது காஸ்பர்ஸ்கியின் 2024 கணக்கு. ஜிமெயில் மட்டும் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1500 கோடி மடல்களைத் தடுப்பதாகக் கூகுள் சொல்கிறது. ஒரே ஒரு நாளில்! இத்தனைக்கும் 1978 மே 3-ல் கேரி துயர்க் என்ற கணினி விற்பனையாளர் ஏறத்தாழ நானூறு பேருக்கு அனுப்பிய விளம்பர மடல்தான் முதல் குப்பை மடல் என்று வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

குப்பை பெருகப் பெருகக் காவல்காரனின் விலையும் ஏறியது. 2007-ல் போஸ்டினி நிறுவனத்தைக் கூகுள் வாங்கியது 62.5 கோடி டாலருக்கு. அதே ஆண்டு அயர்ன்போர்ட்டை சிஸ்கோ வாங்கியது 83 கோடி டாலருக்கு. 2021-ல் புரூஃப்பாயிண்ட் நிறுவனத்துக்குத் தோமா பிராவோ கொடுத்த விலை 1230 கோடி டாலர்! அடுத்த ஆண்டே மைம்காஸ்ட் 580 கோடி டாலருக்குப் போனது. மின்னஞ்சல் பழசாகிவிட்டது, எல்லாரும் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டார்கள் என்று சொல்பவர்களிடம் இந்த எண்களைக் காட்டுங்கள். பில், டெண்டர், சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை எல்லாம் இன்னும் மின்னஞ்சலில்தான் போகின்றன. பணம் எங்கே போகிறதோ திருடனும் அங்கேதான் வருவான். மேலதிகாரி பேரிலோ சரக்கு கொடுப்பவர் பேரிலோ மடல் அனுப்பிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடியில் மட்டும் 2024-ல் 277 கோடி டாலர் பறிபோனதாக அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.க்குப் புகார்கள் வந்தன.

ஒரே ஒரு எழுத்துப் பிழை 2 கோடி டாலரைக் காப்பாற்றிய கதை தெரியுமா? வங்கதேச மத்திய வங்கி ஊழியர்களுக்கு வேலை கேட்பதுபோல மடல் வந்தது. அதைத் திறந்த வழியே திருடர்கள் உள்ளே புகுந்து மாதக்கணக்கில் பதுங்கியிருந்தார்கள். 2016 பிப்ரவரியில் 95 கோடி டாலருக்கு மேல் மாற்றச் சொல்லி நியூயார்க்குக்கு உத்தரவுகள் போயின. அதில் ஒரு பங்கு இலங்கையில் உள்ள ஒரு தொண்டு அமைப்புக்கு. ‘ஃபவுண்டேஷன்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஃபண்டேஷன்’ என்று அடித்துவிட்டார்கள். இடைநிலை வங்கியான டாய்ச் பேங்கில் யாருக்கோ அது உறுத்தியது. கேள்வி கேட்டார்கள், பணம் நின்றது. ஆனாலும் 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றைய திருடனுக்கு அந்தப் பிழையும் வராது, ஏ.ஐ. திருத்திக் கொடுத்துவிடுகிறது. நல்ல தமிழிலேயே மோசடி மடல் எழுதவும் அதனால் முடியும். எழுத்துப் பிழையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்ற பழைய அறிவுரையை இனி நம்பி உட்கார முடியாது.

காவல் பெட்டியே திருடனுக்கு வாசலானதும் நடந்திருக்கிறது! பாரகுடா நிறுவனத்தின் மின்னஞ்சல் பாதுகாப்புப் பெட்டிகளில் இருந்த ஓட்டை வழியே 2022 அக்டோபர் முதலே ஆட்கள் உள்ளே வந்துபோயிருக்கிறார்கள். 2023 மே மாதம்தான் கண்டுபிடித்தார்கள். ஒட்டுப்போட்டுச் சரிசெய்யப் பார்த்தார்கள்; கடைசியில் பாதிக்கப்பட்ட பெட்டியையே கழற்றி மாற்றுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அப்படியானால் கிளவுட் பத்திரமா? அதே 2023-ல் மைக்ரோசாஃப்டின் கையொப்பச் சாவி ஒன்று களவுபோய், அமெரிக்க வணிக அமைச்சரின் மின்னஞ்சல்வரை படிக்கப்பட்டது. எல்லாரும் ஒரே வாசலில் நின்றால் அந்த வாசல் உடையும்போது எல்லாருக்கும்தான் அடி.

அதனால்தான் சந்தை இப்போது இரண்டு பக்கம் நகர்கிறது. வாசலில் நின்று பார்ப்பதோடு விடாமல், ஏ.பி.ஐ. என்னும் மென்பொருள் இணைப்பு வழியே அஞ்சல் பெட்டிக்கு உள்ளேயே உட்கார்ந்து, யார் யாருக்கு வழக்கமாக என்ன எழுதுவார் என்று கற்றுக்கொண்டு, வழக்கம் மீறினால் மணி அடிக்கும் சேவைகள் பெருகுகின்றன. இன்னொரு பக்கம், அனுப்புகிறவர் தன்னை நிரூபிக்க வேண்டும் என்ற கெடுபிடி. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு ஐயாயிரம் மடலுக்கு மேல் அனுப்புவோர் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் என்ற மூன்று சரிபார்ப்பு முறைகளையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் சொல்லிவிட்டது. யாஹூவும் கூடவே நின்றது. மடலின் மேலே உள்ள பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்ற நாற்பது ஆண்டு ஓட்டை மெல்ல அடைபடுகிறது.

நம் பக்கத்துப் பெருமை ஒன்று. 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி ஜோஹோ ஆன நிறுவனம் 2008-ல் தன் மின்னஞ்சல் சேவையைத் திறந்தது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை கிராமத்தில் 2011-ல் அலுவலகம் போட்டது. மத்திய அரசு ஊழியர்களின் ஏறத்தாழ 12 லட்சம் மின்னஞ்சல் கணக்குகள் இன்று இந்த ஜோஹோ தளத்துக்கு மாறிவிட்டன என்பது தெரியுமா?

தமிழிலேயே முடியும் இணைய முகவரி மூன்று நாடுகளுக்கு உண்டு: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். இதிலும் ஒரு பாதுகாப்புக் கண்ணி ஒளிந்திருக்கிறது. க என்ற எழுத்தையும் ௧ என்ற தமிழ் எண்ணையும் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கு இரண்டு வேறு குறியீடுகள். உ, ௨ இரண்டும் அப்படித்தான். எழுத்தை எண்ணாக மாற்றிப் போலி முகவரி பதிவு செய்தால் தமிழ்ப் புலவரே ஏமாறுவார்! முகவரியின் கடைசிப் பகுதியான உச்சிநிலைப் பெயர்களில் எண்களுக்கே இடமில்லை என்று விதி வைத்திருப்பது எவ்வளவு பெரிய காப்பு!

இவ்வளவு பெரிய சந்தையிலும் ஒன்று குறைகிறது. வில்லியனூர் மையத்தில் இருந்தவர்களுக்கு வீராம்பட்டினத்தில் யார் எந்தப் படகில் போகிறார் என்று தெரியும். சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்க அவர்கள் இருந்தார்கள். கிளவுட் காவல் கம்பெனிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் கிடைக்கிறது. புதுச்சேரியின் உயர்கல்விச் சேர்க்கைக் குழுவான சென்டாக்கில் விண்ணப்பிக்க முதல் முறையாக மின்னஞ்சல் முகவரி வாங்கும் பாகூர்ப் பிள்ளைக்கு, வந்த மடல் உண்மையா பொய்யா என்று தமிழில் கேட்க ஓர் ஆள் இல்லை. அந்த முகவரியைத் திறந்து கொடுப்பதே பெரும்பாலும் நெட் சென்டர்தான். கடவுச்சொல் கடை நோட்டில் இருக்கும், மீட்பு எண்ணாகக் கடைக்காரரின் செல்போன் எண் இருக்கும். அவர் நல்லவராகவே இருக்கட்டும், அந்த நோட்டு தொலைந்தால்?

கொம்யூன் பஞ்சாயத்துகள் மனது வைத்தால் இதைச் சரிசெய்துவிடலாம். ஊருக்கு ஒரு பயிற்சி பெற்ற தன்னார்வலர் போதும். சேர்க்கைக் காலத்தில் வாரம் ஒரு நாள் உட்கார்ந்து, பிள்ளைகளின் கடவுச்சொல்லை மாற்றி, மீட்பு எண்ணைத் திருத்தி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுக் கொடுக்கலாம். பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் அங்கேயே சொல்லிக் கொடுக்கலாம். உடனே அழைத்தால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் வங்கியில் நிறுத்திவைக்க வழி இருக்கிறது.