பழைய காரும் மாற்று எஞ்சினும்



தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் மாலை வேளையில் நடந்து செல்பவரின் காதில் தமிழ் ஒலிக்காமல் இராது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே பற்பல தொழில்களில் ஈடுபட்டிருக்கின்றனர். அச்சாலையையொட்டிய சந்து ஒன்றில் வசிக்கும் பெரியவர் ஒருவரை நான் நெடுநாளாக அறிவேன். அண்ணாச்சி என்றே அவரை அழைப்பது வழக்கம். அவரிடம் 1973 ஆம் ஆண்டில் பதிவான ஃபியட் கார் ஒன்று இருக்கிறது. அவருடைய தந்தையார் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தில் வாங்கியது அது.

சென்ற ஆண்டு அக்காரின் எஞ்சின் தேய்ந்து நீலப்புகை கக்கத் தொடங்கிற்று. "இதை எடுத்தெறிந்துவிட்டு வேறொரு டீசல் எஞ்சினை வைத்துவிடலாம்" என்று மெக்கானிக் ஒருவர் யோசனை கூறினார். அண்ணாச்சி ஓர் ஆங்கிலக் கையேட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, நீங்க சர்க்காருக்கே மொழிபெயர்த்துக் கொடுக்கிறவுக. இதுல என்ன போட்டிருக்குன்னு எனக்கும் சொல்லுங்க" என்றார். கலைப் பட்டம் பெற்ற எனக்கு யந்திரங்களில் பயிற்சி கிடையாது. ஆயினும் கையேட்டைப் படித்தும், பட்டறைகளில் நின்று கேட்டும் நான் அறிந்துகொண்டவற்றை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஃபியட் 1100 என்னும் இவ்வகைக் கார் குர்லாவிலிருந்த பிரீமியர் தொழிற்சாலையில் உருவாகிப் பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்றது. இதன் பெட்ரோல் எஞ்சினின் கொள்ளளவு 1089 கன சென்டிமீட்டர். மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸி என்றாலே பல ஆண்டுகள் இக்கார்தான் நினைவுக்கு வரும். 2003 அக்டோபர் 29 அன்று பதிவான கடைசி பத்மினி டாக்ஸியும் இருபதாண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபர் இறுதியில் ஓய்வு பெற்றுவிட்டது. எஞ்சியிருப்பவை சொந்த உபயோகத்துக்கான கார்களே.

பழைய உடலில் புதிய எஞ்சினைப் பொருத்துவது புதுமையன்று. அம்பாசடர் காரைச் செய்தவர்களே 1990களின் தொடக்கத்தில் அதில் ஜப்பானிய இசுஸு எஞ்சினைப் பொருத்தி விற்றனர். ஆனால் தொழிற்சாலையில் வரைபடமும் பரிசோதனையும் உண்டு. பட்டறையிலோ, எஞ்சின் உள்ளே நுழைகிறதா என்பதை மட்டும் பார்ப்பவர்கள் உளர். அத்தகைய வேலையைக் கெடுப்பவை பெரும்பாலும் இரண்டு பொருள்கள். ஒன்று, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி. இதைப் பட்டறையில் 'சம்ப்' என்பர். மற்றொன்று, எஞ்சினைத் தாங்கும் ரப்பர் 'மவுண்டிங்'.

முதலில் சம்ப்பைக் கவனிப்போம். எஞ்சினின் உயிர் எண்ணெயில் இருக்கிறது. சம்ப்பின் ஆழமான பகுதியில் நிற்கும் எண்ணெயை ஒரு குழாய் வழியாகப் பம்பு உறிஞ்சி, பேரிங்குகளுக்கு அனுப்புகிறது. ஆழமான பகுதி சில எஞ்சின்களில் முன்புறமும், சிலவற்றில் பின்புறமும் அமைந்திருக்கும். வண்டியின் குறுக்குச் சட்டமும் ஸ்டீரிங் தண்டுகளும் எங்கே செல்கின்றனவோ, அதற்கேற்ப அது அமைக்கப்படும். 1997 இல் அமெரிக்காவில் வெளிவந்த செவர்லே எல்.எஸ். வகை எஞ்சின்களுக்கு லாரிக்கு ஆழமான சம்ப், ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆழங்குறைந்து அகன்ற சம்ப் என வண்டிக்கொரு வடிவம் உண்டு. ஆகவே எஞ்சினை வாங்குமுன் அதன் சம்ப் நம் வண்டியின் குறுக்குச் சட்டத்துக்கு முன்னே இறங்குமா, பின்னே இறங்குமா என்று அளந்து பார்க்கவேண்டும்.

இடமில்லை என்பதற்காகச் சம்ப்பை வெட்டி ஆழத்தைக் குறைத்துவிடுவோர் உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவரின் கார் அவ்வாறு மாற்றப்பட்டது. மும்பைத் தெருக்களில் அது நன்றாகவே ஓடிற்று. ஊருக்குப் புறப்பட்டுக் கண்டாலா மலைப்பாதையில் ஏறும்போதுதான் எண்ணெய் விளக்கு சிவந்தது. ஏற்றத்தில் எண்ணெய் பின்னோக்கிச் சரிந்துவிட, முன்னாலிருந்த குழாய் காற்றை உறிஞ்சியது. சில நிமிடங்களில் பேரிங்குகள் உருகிவிட்டன. மனைவி மக்களுடன் அவர் அன்றிரவைச் சாலையோரத்தில் கழிக்க நேர்ந்தது.

இதற்குப் பரிகாரம் என்ன? ஆழத்தைக் குறைத்தால், பக்கவாட்டில் அகலப்படுத்தி எண்ணெயின் அளவைப் பழையபடி வைக்கவேண்டும். எண்ணெய் சரியாதவாறு உள்ளே தடுப்புத் தகடுகள் அமைக்கவேண்டும். உறிஞ்சு குழாயின் வாய்க்கும் சம்ப்பின் தரைக்கும் இடையே ஏறத்தாழ 6 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி இருத்தல் நலம். எண்ணெய் பார்க்கும் கம்பியில் புதிதாக அடையாளம் இடவேண்டும். பற்றவைக்கும் சூட்டில் விளிம்பு கோணிவிடாதபடி, சம்ப்பைக் கனத்த இரும்புத் தகட்டில் முடுக்கிவைத்தே வேலை செய்யவேண்டும். முடிந்தபின் வெளிப்புறம் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிவைத்தால், கசிவுள்ள இடம் ஈரக்கறையாகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி மவுண்டிங். இது எஞ்சினின் பாரத்தை மட்டும் தாங்குவதன்று. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றாகப் பிணைந்திருப்பதால், முதல் கியரில் பெருகும் முறுக்கு விசை முழுவதற்கும் அது ஈடுகொடுக்கவேண்டும். எஞ்சினின் முறுக்கு விசை 100 நியூட்டன் மீட்டர், முதல் கியரின் விகிதம் மூன்றரை என்று கொண்டால், மவுண்டிங் எதிர்த்து நிற்கவேண்டியது 350 நியூட்டன் மீட்டராகும். ஆகவே அதைத் தாங்கும் சட்டத்தை மெல்லிய தகட்டில் ஒட்டவைப்பது ஆபத்து. உறுதியான அடிச்சட்டத்தில் போல்ட்டினால் முடுக்கவேண்டும்.

அடுத்து அதிர்வு. நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இருமுறை உதைக்கிறது. நிமிடத்துக்கு 800 சுற்றில் நின்று ஓடும்போது அது வினாடிக்கு ஏறத்தாழ 27 உதைகளாகும். டீசல் எஞ்சினின் உதை வலுவானது. பெட்ரோல் எஞ்சினுக்கான பழைய ரப்பரை அதற்கு வைத்தால் கதவும் கண்ணாடியும் நடுங்கும். ரப்பரே இல்லாமல் இரும்போடு இரும்பாக முடுக்கினால் நாளடைவில் சட்டம் விரிசல்விடும். ரப்பர் மிக மென்மையாக இருந்தாலோ எஞ்சின் ஊசலாடி, சம்ப் குறுக்குச் சட்டத்தில் மோதும். ஆகையால் சம்ப்பைச் சுற்றிலும் ஒரு விரற்கடை இடைவெளியாவது இருக்கவேண்டும். மேலும், ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. எஞ்சினையும் உடலையும் இணைக்கும் செப்புப் பட்டையை மறந்தால், ஸ்டார்ட்டரின் மின்சாரம் சோக் கம்பி வழியே பாய்ந்து அதைக் கருக்கிவிடும்.

சம்ப்பும் மவுண்டிங்கும் ஒன்றையொன்று சார்ந்தவை. சம்ப்புக்கு இடம்தர எஞ்சினை உயர்த்தினால் பானெட் மூடாது. பின்னால் செல்லும் சுழல்தண்டின் கோணமும் மாறி வண்டி அதிரும். தாழ்த்தினாலோ, நம் நகரத்து வேகத்தடை ஒவ்வொன்றும் சம்ப்புக்குப் பகையாகும். எனவே இரண்டையும் ஒருங்கே அளந்து தேர்ந்தெடுப்பதே முறை.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. எனவே பழைய எஞ்சினைக் கழற்றுமுன் பதிவு அலுவலகத்தை அணுகவேண்டும். தவிர, 2021 இல் வந்த விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, எஞ்சினிலும் உடலிலும் மாற்றம் பெறாத வண்டிகளே 'விண்டேஜ்' பதிவுக்கு உரியன. அப்பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட இயலாது என்பதும் நினைவிற்குரியது.

இவற்றையெல்லாம் நான் விளக்கியபோது அண்ணாச்சி நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, "அப்ப, எங்க ஐயா காது கேட்ட சத்தமே இருக்கட்டும்" என்றார். பழைய எஞ்சினையே கடைந்து புதுப்பித்தார். ஐம்பதாண்டுப் பழமையால் கல்லாகிப்போயிருந்த ரப்பர் மவுண்டிங்குகளை மாற்றினார். நசுங்கியிருந்த சம்ப்பைத் தட்டி நிமிர்த்தி, சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் கொண்டு சோதித்தார். செலவு அவர் அஞ்சியதைவிடக் குறைவாகவே முடிந்தது. விண்டேஜ் பதிவை அவர் நாடவில்லை. வண்டி ஓடவேண்டும் என்பதே அவர் விருப்பம்.

எஞ்சினை மாற்றவே கூடாது என்று நான் கூற வரவில்லை. மாற்றத் துணிவோர் முதலில் வண்டியின் அடியில் படுத்து, அளவுகோலுடன் அரைமணி நேரம் செலவிடட்டும். நம்மிற் பலருக்குப் பழைய கார் என்பது பிறந்த மண்ணை விட்டு வந்த தந்தையர் தேடிவைத்த முதற் சொத்து. அதை அவசரத்தில் இழந்துவிடலாகாது.