கழியிலே ஒரு காலைப்பொழுது

“அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, சேர்? வெறும் உப்பும் சேறுந்தானே!”

மன்னாருக்கு ஒரு கல்விச் சுற்றுலாப் போவதென்று முடிவாகி, பார்க்கவேண்டிய இடங்களுள் வங்காலைக் கழிவெளியையும் நாம் சேர்த்தபோது, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. அவனைக் கடிந்துகொள்ள எமக்கு உரிமை இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து மன்னாருக்குப் பன்முறை பஸ்ஸிலே போய் வந்திருக்கிறோம். தீவுக்குப் போகும் தாம்போதியை நெருங்கும்போது வீதியின் இருமருங்கும் விரிந்து கிடக்கும் அவ்வெளியைக் கண்டதும், ‘இனி ஊர் வந்துவிடும்’ என்று பையைத் தேடி எடுத்தோமேயன்றி, அதை நின்று நோக்கியதில்லை.

அதனினும் வெட்கத்துக்குரிய செய்தி ஒன்றுண்டு. நெய்தற்றிணையை இருபது ஆண்டுகளாக வகுப்பிலே படிப்பித்து வருகிறோம். “கழி என்பது உப்பங்கழி” என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த அடிக்குத் தாவிவிடுவோம். புவியியல் படிப்பிக்கும் நண்பரோ, தேசப்படத்தில் அந்த இடத்தைத் ‘தரிசு’ என்று நிறந்தீட்டச் சொல்லுவார். தமிழாசிரியருக்கு அது ஒரு சொல். புவியியலாசிரியருக்கு அது ஒரு நிறம். இருவரும் இறங்கிப் பார்த்தோமில்லை.

தை மாதக் கடைசியிலே, இருபத்திரண்டு மாணவர்களுடன் திருக்கேதீச்சரத்திலே தரிசனஞ் செய்து, மடத்திலே இராத் தங்கி, விடியுமுன் புறப்பட்டோம். மாணவன் ஒருவனின் தாய்மாமன் அப்பகுதியிலே தூண்டிலும் வீச்சுவலையுங் கொண்டு சீவிப்பவர். அறுபது வயது இருக்கும். மருமகன் கேட்டுக்கொண்டதற்காக எமக்கு வழிகாட்ட வந்திருந்தார். பையன்கள் எல்லாரும் அவரை ‘மாமா’ என்றே அழைத்தார்கள். நாம் ‘அண்ணை’ என்றோம். வீதியோரத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, “சப்பாத்தைக் கழட்டுங்கோ. நான் கால் வைச்ச இடத்திலை கால் வையுங்கோ” என்று சொல்லி அவர் முன்னே நடந்தார். எச்சரிக்கையை மறந்து குறுக்கே போன ஒருவன் முழங்காலளவு புதைந்து, இருவர் பிடித்திழுக்க, ஒரு காற்சட்டை நிறைந்த சேற்றுடன் வெளியே வந்தான். அதன் பின்னர் வரிசை குலையவில்லை.

முதலிலே கண்ணில் பட்டது உமரி. இலையென்று சொல்லத்தக்க இலையில்லாமல், மணி மணியாகக் கோத்த பச்சைத் தண்டுகளாய்த் தரையோடு படர்ந்திருக்கும் பூண்டு அது. ஒரு நுனியைக் கிள்ளி வாயிலிட்டுப் பார்த்தால் உப்புக்கரிக்கும். கடல்நீர் பட்டால் நெல்லும் புல்லும் கருகிப்போக, இது மட்டும் எவ்வாறு பிழைக்கிறது? உள்ளே வரும் உப்பைத் தண்டின் உயிரணுக்களுக்குள்ளே தனியறையில் அடைத்து வைத்து, நீரைச் சேமித்துத் தடித்துக்கொள்கிறது. உப்பு மிஞ்சிப்போன நுனிகள் சிவந்து உதிர்ந்துவிடும். கோடையிலே இவ்வெளியின் சில பகுதிகள் செங்கம்பளம் விரித்தாற்போலத் தோன்றுவது அதனாலேதான். உமரியை அவித்து நீரை வடித்துவிட்டுக் கீரையாக உண்போர் உண்டு. ஐரோப்பாவிலே இவ்வினப் பூண்டுகளை எரித்துச் சாம்பலிலிருந்து காரமெடுத்துக் கண்ணாடி வார்த்த காலமும் இருந்தது.

சற்று உள்ளே, வாய்க்காற் கரையோரமாகக் கண்ணா மரங்கள் நின்றன. அவற்றின் வழி வேறு. உண்ட உப்பை இலை வழியாக வியர்த்துவிடுகின்றன. ஓரிலையை விரலால் தடவிய மாணவர்கள் பொடியுப்பு ஒட்டியதைக் கண்டு வியந்தார்கள். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் நட்டாற்போல நூற்றுக்கணக்கில் நிமிர்ந்து நிற்பவை அதன் மூச்சு வேர்கள். சேற்றுக்குள்ளே காற்று இல்லை. ஆதலால் வேர் மேலே வந்து மூச்சு வாங்குகிறது.

சேற்றை இகழ்ந்த மாணவனை அழைத்து, ஒரு கையளவு சேற்றை அள்ளச் சொன்னார் அண்ணை. மேலே சாம்பல், கீழே கரி நிறம். அழுகிய முட்டை மணம். அவன் முகத்தைச் சுளித்தான். தண்ணீரிலே கழுவி வடித்தபோது, உள்ளங்கையில் பத்துப் பன்னிரண்டு சின்ன ஊரிகளும், நூல்போன்ற இரண்டு புழுக்களும், பெயர் தெரியாத ஒரு குட்டி மட்டியும் எஞ்சின. ஒரு கையளவிலே இவ்வளவு என்றால், வெளி முழுவதிலும் எவ்வளவு? இலையும் தழையும் பாசியும் மக்கி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கு உணவாகி, அவை புழுவுக்கும் ஊரிக்கும் உணவாகி, இப்படியே ஒரு சமையல் ஓயாமல் நடக்கிறது. கடலிற் பிடிபடும் இறாலும் மணலையும் குஞ்சுப்பருவத்திலே இத்தகைய கழிகளில் ஒதுங்கி வளர்ந்தவையே. “இதை நிரவினால் எங்கட வலையிலை ஒண்டும் விழாது, மாஸ்டர்” என்றார் அவர்.

கடல் மாத்திரம் இதனைச் செய்துவிடவில்லை என்பதையும் குறிக்கவேண்டும். எமது கரையில் வற்றும் பெருக்கும் ஓரிரண்டு அடிக்கு மேற் போவதில்லை. ஆதலால் மாரிமழையும், அருவியாறு கொண்டுவரும் நீரும், கட்டுக்கரைக்குளத்து வயல்களிலிருந்து வழியும் நீருமே இவ்வெளியின் ஆண்டுக் கணக்கை எழுதுகின்றன. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை நன்னீர் வந்து கோடையுப்பைக் கழுவ, உமரி விதை முளைக்கிறது. தை பிறந்ததும் நீர் மெல்ல வற்றத் தொடங்கி, ஒவ்வொரு நாளும் ஒரு முழம் புதிய சேறு வெளிப்படுகிறது. ஆனி ஆடியில் தரை வெடித்து உப்புப் பூக்கும். தூரத்திலே அணையோ மதகோ கட்டுவோர் இந்தக் கணக்கை மறந்தால், இங்கே பந்தி பிழைத்துப்போகும்.

பந்தி என்று சொன்னது வேடிக்கைக்காக அன்று. கதிரவன் எழுந்ததும், கானலென்று நாம் எண்ணியிருந்த வெண்கோடு அசைந்தது. அவை பூநாரைகள். தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தவன் அதை அடுத்தவனுக்குக் கொடுக்க மனமில்லாமல் நின்றான். ஒருவன் எண்ணத் தொடங்கி அறுநூறுக்கு மேலே கைவிட்டான்.

பூநாரையின் உணவுமுறை விந்தையானது. கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீரிலே கவிழ்த்து, நாக்கை உள்ளும் புறமும் அசைத்து நீரை உறிஞ்சித் தள்ளுகிறது. அலகின் ஓரத்துச் சீப்புப் பற்களிலே நுண்பாசியும் உவர்நீர்க் கூனியும் தங்கிவிடும். அந்த உணவிலுள்ள செந்நிறப் பொருளே அதன் இறகுக்கு நிறங் கொடுக்கிறது. குஞ்சுகள் சாம்பல் நிறமானவை. நிறம் ஏற இரண்டு மூன்று ஆண்டு செல்லும். குசராத்திலே கச்சு உவர்வெளியில் இப்பறவைகள் சேற்றைக் குவித்துப் பல்லாயிரம் கூடு கட்டுவதை, 1945-ஆம் ஆண்டு பறவையியலறிஞர் சாலிம் அலி நேரிற் சென்று கண்டு எழுதினார்.

பூநாரைகளை விட எம்மைக் கவர்ந்தவை அவற்றின் காலடியில் ஓடித்திரிந்த சிறு உள்ளான்கள். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அலகு. குட்டையலகுடையது மேற்சேற்றைக் கொத்தும். நடுத்தர அலகுடையது ஓரங்குலம் துளைக்கும். சாணளவு வளைந்த அலகுடைய பெரிய கோட்டானோ அடியிலுள்ள புழுவை இழுத்தெடுக்கும். ஒரே சேற்றில் ஒருவர் இலையில் மற்றவர் கைவைப்பதில்லை. கோட்டான் என்றதும் மாணவர்கள் ஆந்தையை நினைத்துச் சிரித்தார்கள். இதற்குக் ‘குதிரைமலைக் கோட்டான்’ என்ற பெயரும் உண்டு. குதிரைமலை இவ்விடத்துக்குத் தெற்கே, இதே கரையிலுள்ள முனை. எம் முன்னோர் இப்பறவைகளைக் கவனித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். நாம்தாம் பெயரையும் மறந்துவிட்டோம்.

இவ்வளவில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பின்னர் நிகழ்ந்ததற்கு நாமே பொறுப்பு.

பூநாரை பறக்கும்போதுதான் சிறகின் செந்நிறமும் கருநிறமும் தெரியும். கைத்தொலைபேசியிலே அதனைப் படமெடுக்க ஒருவன் விரும்பினான். “சேர், ஒருக்கால் எழுப்பிப் பார்ப்பமா?” என்று கேட்டான். நாமும் அக்காட்சியைக் காணும் ஆசையினால், வேண்டாமென்று சொல்லவில்லை. அவன் ஓங்கிக் கைதட்டினான், மற்றவர்கள் கூவினார்கள். வெளி முழுவதும் ஒரே சிறகொலி. பூநாரைகள் கழுத்தை முன்னும் காலைப் பின்னும் நீட்டிச் செந்தீ எழுந்தாற்போல எழுந்தன. உள்ளான்கள் புகைத்திரள்போலத் திரும்பித் திரும்பி மின்னின. மாணவர்கள் ஆரவாரித்தார்கள். அழகுதான், மறுப்பதற்கில்லை.

அண்ணை திரும்பி நின்றார். கோபிக்கவில்லை.

“அதுகளை ஏன், தம்பிமார், எழுப்பினனீங்கள்? சாப்பிட்டுக்கொண்டிருந்ததுகள்.”

பிறகு, “பந்தியிலை இருக்கிறவனை எழுப்பிறதோ, மாஸ்டர்?” என்றார், எம்மை மட்டும் பார்த்து.

எமக்கு விடை இருக்கவில்லை. கரையோரத்து உமரித் திட்டிலே எல்லாரையும் இருத்தினோம். பேசக்கூடாது, எழக்கூடாது, அவை திரும்பி வரும்வரை காத்திருப்பது என்று கட்டளையிட்டோம். கட்டளை எமக்கும் சேர்த்துத்தான்.

அந்தக் காத்திருப்பிலே, தாழ்ந்த குரலில், எமக்குத் தெரிந்த சிலவற்றை மாணவர்களுக்குச் சொன்னோம். முப்பது கிராமுக்குள் நிறையுள்ள சின்ன உள்ளானும், அதனிற் சற்றுப் பெரிய வளையலகு உள்ளானும் வடதுருவத்தை அடுத்த சைபீரியப் பனிவெளியிலே பொரித்தவை. குளிருக்கு அஞ்சி ஆவணி புரட்டாதியில் எம்மிடம் வருகின்றன, சித்திரையளவில் திரும்புகின்றன. புறப்படுமுன் சில வாரங்களிலே தம் நிறையிற் பாதியளவு கொழுப்பைக்கூடச் சேர்த்துக்கொள்ளும். அதுவே அவற்றின் கட்டுச்சோறு. அது குறைந்தால் வழியிலே வீழ்வதன்றி வேறு வழியில்லை. அல்லது பிந்திப் போய்ச் சேர்ந்து, குறுகிய கோடையிலே குஞ்சு பொரிக்காமல் திரும்பவேண்டும். 2007-ஆம் ஆண்டில், உள்ளான் சாதியைச் சேர்ந்த ஒரு பறவை, கருவி பொருத்தப்பட்ட நிலையில், அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்கு 11,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை எங்கும் இறங்காமல் எட்டு நாளளவில் கடந்தது அறியப்பட்டது. அத்தனை தூரமும் அது எரித்தது, புறப்பட்ட கரையின் சேற்றிலே தின்ற உணவைத்தான். எம்முடைய கரையிலும், 2021-இல் மன்னாரிலே கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகங்கள் இரசியாவின் வடதுருவப் பகுதிவரை சென்று மீண்டதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செய்தனர்.

“அப்ப, நாங்கள் ஒருக்கால் எழுப்பினால் எவ்வளவு குறையும், சேர்?” என்று கைதட்டியவன் கேட்டான். ஒருமுறையால் ஒன்றும் ஆகிவிடாது என்று ஆறுதல் சொல்லலாம். ஆனால், வருகிறவர் ஒவ்வொருவரும் ஒருமுறைதானே எழுப்புகிறார்? அத்துடன் நாயும் பருந்தும் எழுப்பும். அதைத்தான் சொன்னோம். அவன் தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டான்.

இவ்வெளிக்குச் சட்டத்தின் காவல் இல்லாமலில்லை. வங்காலை 2008-ஆம் ஆண்டில் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010-இல், 4,839 எக்டேயர் பரப்புடன், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலே இலங்கையின் நான்காவது இடமாகச் சேர்ந்தது. முதலாவது 1990-இல் சேர்ந்த புந்தல. ஆயினும் பலகை நட்ட இடத்துக்கு அருகிலேயே பொலித்தீன் பைகள் உமரியிலே சிக்கிக் கிடந்தன. தீவின் தென்கரையில் 2020-ஆம் ஆண்டளவில் எழுந்த முப்பது காற்றாலைகள் தூரத்திலே தெரிந்தன. மின்சாரம் வேண்டும் என்பாரும், வலசைப் பறவையின் வானவழியையும் தம் ஊரையும் எண்ணி அஞ்சுவாரும் மன்னாரிலே பல காலமாக வாதிட்டு வருகின்றனர். இரு பக்கத்திலும் பொருளுண்டு. எமக்குத் தோன்றுவது இவ்வளவே: ‘தரிசு’ என்று நிறந்தீட்டப்பட்ட இடத்திலே எதையும் கட்டலாம், எதையும் கொட்டலாம் என்ற எண்ணம் பள்ளிக்கூடத்துத் தேசப்படத்திலிருந்துதான் தொடங்குகிறது. நண்பரிடம் இதைச் சொன்னபோது, “உமது கரும்பலகையும் பெரிய திறமில்லை” என்றார். அதுவும் உண்மை.

இருபது நிமிடம் சென்றது. தூரத்தில் கட்டாக்கழுதைகள் நான்கு வந்து உமரியை மோந்துவிட்டுப் போயின. எம் காலடியிலே, ஒரு கை பெருத்த நண்டுகள் வளையை விட்டு வந்து, அக்கையைத் தூக்கித் தூக்கி ஆட்டின. ஆண் நண்டுக்கே அந்தப் பெரிய கை. பெண்ணை அழைக்கவும் பகையை விரட்டவும் அது உதவுமேயன்றி, உண்ண உதவாது. சிறு கையாற் சேற்றை அள்ளி வாயிலிட்டு, சத்தை எடுத்துக்கொண்டு, மீதியை உருண்டையாக்கி வைத்துவிட்டு நகர்ந்தன. அசையாது இருந்தமையால் இவற்றைக் கண்டோம்.

முதலிலே திரும்பியவை உள்ளான்கள். நூறு, பிறகு இருநூறு. இறங்கியதும் ஒரு கணங்கூடத் தாமதியாமல் கொத்தத் தொடங்கின. பூநாரைகள் இருமுறை வட்டமிட்டு, எம்மைக் கண்டு விலகி, மூன்றாம் முறை நெடுந்தூரத்திலே இறங்கின. தலை நிமிர்த்தியபடி நின்றன. முன்னின்ற ஒன்று கழுத்தைத் தாழ்த்தியது; பின்னர் மற்றொன்று. கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். எழுப்பியதிலிருந்து நாற்பத்தொரு நிமிடம்.

அதற்குள் வெயில் ஏறிவிட்டது. நேரமாகிறதென்று எமது பஸ் சாரதி வீதியை விட்டிறங்கி வந்து, கையை வாயருகே குவித்தார். அவர் குரலெடுக்குமுன்னரே, முதலிற் கைதட்டிய அதே பையன், இருந்த இடத்தை விட்டு எழாமல், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, ‘கூப்பிடவேண்டாம், வருகிறோம்’ என்று அவருக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தான்.