குளத்தில் மாடு மேயலாமா?

விராலிமலை வட்டாரத்துக் கண்மாய்களில் தண்ணீர் வற்றத் தொடங்கியதும் கோரையும் புல்லும் மண்டிவிடும். பறவைகள் வரும் நீர்நிலையில் மாடே இறங்கக் கூடாது என்று சிலர் சொல்வதுண்டு. இது முழுதும் சரியன்று.

ராஜஸ்தானில் பரத்பூரை அடுத்த கேவலாதேவ் பறவைப் பூங்கா சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. சுற்றுக் கிராமத்தாரின் எருமைகள் அங்குக் காலங்காலமாக மேய்ந்து வந்தன. 1982 நவம்பரில் மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. எதிர்த்த கிராமத்தார் மீது போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்த, உயிர்கள் பலியாயின. தடையால் பறவைகள் பெருகும் என்று எதிர்பார்த்தனர், நடந்தது வேறு. எருமை தின்று வந்த, கொடியாய்ப் படரும் ஒருவகை நீர்ப்புல் தடையின்றி வளர்ந்து தண்ணீரை மூடிக்கொண்டது. மீனுக்கும் வாத்துக்கும் இடம் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980 முதல் பத்தாண்டுகள் நடத்திய ஆய்வு இதை எடுத்துக்காட்டியது. பிறகு கிராமத்தார் புல் அறுத்துச் செல்ல அனுமதி பெற்றனர். ஆனால் ஆள் இறங்க அஞ்சும் சேற்றிலும் எருமை இறங்கி மேயும்!

இதனால் எந்தக் கண்மாயிலும் எத்தனை மாட்டையும் விடலாம் என்று கொள்ள வேண்டாம். கரையின்மேல் ஏறினால் குளம்பு பட்டு மண் சரியும். தரையில் முட்டையிடும் ஆள்காட்டிக் குருவிக்காக மேட்டுப் பகுதியில் கொஞ்சம் இடத்தை மேய்க்காமல் விட வேண்டும். சரணாலயம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் வனத்துறை அனுமதியின்றி மாடு ஓட்டுவது குற்றம்.

நெய்வேலிக் காட்டாமணக்கை மாடு தொடாது. ஆடு தின்றால் நஞ்சாகும். அதை வேரோடு தோண்டி எடுப்பதே வழி. சீமைக்கருவேல் இன்னும் பொல்லாதது. அதன் நெற்றை மாடு விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு விழுந்து முளைக்கும். ஆகவே நெற்றுத் தின்ற மாட்டை உடனே கண்மாய்க்குள் ஓட்டாமல், சில நாட்கள் தொழுவத்தில் கட்டித் தீனி போடுவது நல்லது. அந்தச் சாணத்தை எருக்குழியில் நன்கு மக்கவைத்த பிறகே வயலுக்கு இட வேண்டும்.

ஈரப்புல்லில் மேயும் மாட்டுக்கு நத்தை மூலம் ஈரல் தட்டைப்புழு தொற்றும். மாடு மெலிந்து, பால் குறைந்து, தாடைக்குக் கீழே வீக்கம் கண்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவமனைக்கு ஓட்டிச் சென்று சாணத்தைச் சோதித்து மருந்து கொடுக்க வேண்டும். சாதாரணக் குடற்புழு மருந்துகள் பல இதற்குக் கேட்பதில்லை.