பெருந்தொற்றுக் காலப் பள்ளித் திறப்பு: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ப்பள்ளிகளில் பெற்றோரும் ஆசிரியரும்

முன்னுரை

கோவிட்-19 பெருந்தொற்றின் தொடக்க உச்சத்தில் உலகெங்கும் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவரின் கல்வி தடைப்பட்டது என யுனெஸ்கோ கணக்கிட்டது. பள்ளிகளை மூடியபோது எழாத கருத்து வேறுபாடு, அவற்றை மீண்டும் திறக்க முற்பட்டபோது எழுந்தது. கோலாலம்பூரும் அதனை ஒட்டிய சிலாங்கூர்ப் பகுதிகளும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் 2020 முதல் 2022 வரை இவ்வேறுபாடு பலமுறை வெளிப்பட்டது. பெற்றோர் அஞ்சினர் என்றோ ஆசிரியர் தயங்கினர் என்றோ கூறி இதனை விளக்கிவிட இயலாது. ஒரே முடிவைப் பற்றிப் பேசிய இரு தரப்பினரும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை தேடினர். அவ்வினாக்கள் எவை என்பதைத் தமிழ்ப்பள்ளியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறப்பும் மூடலும்

நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18ஆம் நாள் நடப்புக்கு வந்தபோது நாட்டின் பள்ளிகள் அனைத்தும் மூடப்பட்டன. அவ்வாண்டு ஜூன் 24இல் தேர்வு வகுப்பு மாணவர் முதலில் திரும்பினர். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர் ஜூலை 15இலும், முதலாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரையிலான மாணவர் ஜூலை 22இலும் திரும்பினர். அக்டோபரில் முதலில் கிள்ளானிலும், அடுத்துச் சிலாங்கூர், கோலாலம்பூர் முழுமையிலும் நிபந்தனைக்குட்பட்ட கட்டுப்பாடு விதிக்கப்பட்டுப் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டன. 2021 மார்ச்சில் தொடக்கப்பள்ளிகள் திறக்கப்பட்டன. மே மாதத்தில் மறுபடியும் மூடப்பட்டன. பின்னர் அவ்வாண்டு அக்டோபர் 3 முதல் தேசிய மீட்புத் திட்டத்தின் கட்டங்களுக்கேற்பப் படிப்படியாகத் திறப்பு நிகழ்ந்தது. இடைப்பட்ட காலங்களில் இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல் நடைபெற்றது.

இக்கால வரிசை ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. திறப்பு என்பது ஒருமுறை எடுத்து முடிக்கப்பட்ட முடிவன்று. மூன்று முறை திறக்கப்பட்ட பள்ளி இடையில் இருமுறை மூடப்பட்டது. எனவே, மூன்றாம் முறை வந்த அறிவிப்பைப் பெற்றோர் பலர் ஐயத்துடன் நோக்கியதில் வியப்பில்லை.

தமிழ்ப்பள்ளியின் தனிநிலை

மலேசியத் தமிழ்ப்பள்ளி, தொடக்கக் கல்வியோடு நிறைவுறும் அமைப்பாகும். இந்த அமைப்பினால் மூன்று விளைவுகள் தோன்றின. முதலாவது தடுப்பூசி பற்றியது. 12 முதல் 17 வயதுடையோர்க்கான தடுப்பூசித் திட்டம் 2021 செப்டம்பரில் விரிவுபெற்றது. 5 முதல் 11 வயதுடையோர்க்கோ 2022 பிப்ரவரியில்தான் தொடங்கியது. ஆகவே, 2021 அக்டோபருக்குப் பின் இடைநிலைப்பள்ளி மாணவர் தடுப்பூசி பெற்று வகுப்புக்குத் திரும்பும் நிலை உருவாகிக்கொண்டிருந்தபோது, தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவருள் ஒரு பகுதியினர் தவிர ஏனையோர் தடுப்பூசி பெறாதவர்களே.

இரண்டாவது தேர்வு பற்றியது. 2020ஆம் ஆண்டுக்கான யூபிஎஸ்ஆர் தேர்வு நீக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் அத்தேர்வே முற்றாகக் கைவிடப்பட்டது. இதனால், தேர்வுக்காகப் பிள்ளையை அனுப்பியே ஆகவேண்டும் என்னும் காரணம் பெற்றோரிடத்தில் வலுவிழந்தது.

மூன்றாவது பள்ளியின் அளவு பற்றியது. தோட்டப்புறச் சிறிய பள்ளியில் இடைவெளி விட்டு மாணவரை அமர்த்துவது எளிது. நாட்டின் மிகப் பெரிய தமிழ்ப்பள்ளிகளுள் ஒன்றாகிய கிள்ளான் சிம்பாங் லீமா போன்ற பள்ளிக்கோ, பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா போன்று நகர நடுவே அமைந்த பள்ளிக்கோ அவ்வாய்ப்பு இல்லை. மாணவரை இரு பிரிவாக்கி வாரம் மாற்றி வாரம் வரவழைக்கும் சுழல்முறை இத்தகைய பள்ளிகளில்தான் கடினமாயிற்று.

பெற்றோர் தரப்பு

கிள்ளான் பெற்றோரின் அச்சம் கற்பனையில் பிறந்ததன்று. 2021 ஜூலையில் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை நோயாளிகளால் நிரம்பி வழிந்தது. ஆகஸ்டு 26இல் நாட்டின் ஒருநாள் தொற்று எண்ணிக்கை 24,599 ஆக உயர்ந்தது. பள்ளி திறப்பு அறிவிக்கப்பட்டபோது இந்நிகழ்வுகள் சில வாரங்களுக்கு முந்தியவை மட்டுமே. பாட்டி தாத்தாவுடன் அடுக்குமாடி வீட்டில் வாழும் குடும்பத்தைப் பொறுத்தவரை, பிள்ளைக்கு வரும் தொற்று பிள்ளையோடு நின்றுவிடுவதில்லை.

எனினும், பெற்றோர் அனைவரும் ஒரே கருத்தினர் அல்லர். கல்வி அமைச்சு 2020இல் நடத்திய ஆய்வில் 36.9 விழுக்காட்டு மாணவரிடம் மின்னியல் கருவி எதுவும் இல்லை எனத் தெரியவந்தது. ஒரே திறன்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீட்டிலும், தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றாக வேண்டிய வீட்டிலும் பள்ளி திறப்பதையே விரும்பினர். தமிழ் எழுதப் படிக்க அறியாத பெற்றோர்க்கு இல்லிருப்புக் கற்றல் மேலும் ஒரு சுமையாயிற்று. கணிதத்தில் உதவ முடிந்தவர்களுக்கும் தமிழ்ப்பாடத்தில் உதவ இயலவில்லை.

தொடக்கக் கல்வி 2003 முதல் மலேசியாவில் சட்டப்படி கட்டாயமாகும். அதனை மீறும் பெற்றோர்க்குத் தண்டனையும் உண்டு. இத்தகைய சூழலில், பிள்ளையை அனுப்பாத பெற்றோர்க்கு எச்சரிக்கைக் கடிதம் வழங்கப்படமாட்டாது என 2021 செப்டம்பரில் அமைச்சு அறிவித்தது பெரிய தளர்வாகும். ஆனால், அத்தளர்வு முடிவின் சுமையை ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் தனித்தனியே ஏற்றிவிட்டது.

ஆசிரியர் தரப்பு

பெற்றோரின் விருப்பத்துக்கு விடப்பட்ட முடிவு ஆசிரியரின் பணியை இரட்டிப்பாக்கியது. வகுப்பில் இருப்போர்க்குக் கற்பித்த அதே பாடத்தை வீட்டில் இருப்போர்க்கும் தயாரித்து, புலனக் குழுவில் அனுப்பி, படமெடுத்து அனுப்பப்பட்ட விடைகளைத் திருத்த வேண்டியதாயிற்று. அரசு ஊழியர் என்னும் முறையில் ஆசிரியர்க்கு 2021 நவம்பர் 1க்குள் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. பள்ளிக்கு வருவதா வேண்டாவா என்னும் தெரிவு அவர்களுக்கு இல்லை. பெற்றோர்க்கு இருந்த உரிமை தமக்கு இல்லையே என்னும் எண்ணம் ஆசிரியரிடையே எழுந்தது இயல்பே. அவர்களும் வீட்டில் பிள்ளைகளையும் முதியோரையும் உடையவர்கள்.

இருப்பினும், திறப்பை வலியுறுத்திய ஆசிரியரின் வாதம் கற்றல் சார்ந்தது. 2020 ஜனவரியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த குழந்தை இரண்டரை மாதமே தொடர்ந்து வகுப்பில் அமர்ந்தது. 247 எழுத்துகளின் வரிவடிவத்தையும் ஒலியையும் கைபிடித்துக் கற்பிக்கும் பருவம் அது. லகர, ழகர, ளகர வேறுபாட்டைக் குழந்தை ஆசிரியரின் வாயசைவைப் பார்த்தே உணர்கிறது. திரையில் அது தெளிவுறுவதில்லை. முகக்கவசம் அணிந்த வகுப்பிலும் அது மறைந்துபோயிற்று. இந்த இழப்பு பெற்றோரின் கண்ணுக்கு உடனே தெரிவதில்லை. மூன்றாம் ஆண்டில் பத்தியை வாசிக்கத் திணறும்போதுதான் தெரியவருகிறது.

தமிழ்நாட்டு ஒப்பீடு

இதே சிக்கலைத் தமிழ்நாட்டு அரசு வேறு வகையில் அணுகியது. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 2020 நவம்பர் 16இல் திறப்பதாக அறிவித்து, நவம்பர் 9ஆம் நாள் பள்ளிகளில் பெற்றோர் கருத்தைக் கேட்டது. கருத்துகள் பிளவுபட்டமையால் திறப்பு தள்ளிவைக்கப்பட்டது. 2021 ஜனவரியில் மீண்டும் கருத்துக் கேட்ட பின்னரே பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகள் ஜனவரி 19இல் திறக்கப்பட்டன. அங்குப் பெற்றோர் கூடிக் கருத்துரைத்தனர். இங்குப் பெற்றோர் தனித்தனியே முடிவெடுத்தனர். முதல்முறையில் காலம் கழிகிறது. இரண்டாவது முறையில் ஒரே வகுப்பு இரண்டாகப் பிரிகிறது.

முடிவுரை

பிள்ளைக்கும் குடும்பத்துக்கும் நேரும் தீங்குக்கு யார் பொறுப்பு என்பது பெற்றோரின் வினா. கல்லாது கழிந்த காலத்துக்கு யார் பொறுப்பு என்பது ஆசிரியரின் வினா. இரண்டும் நேர்மையானவை. தமிழ்ப்பள்ளிக்கு இது கூடுதல் முதன்மை வாய்ந்தது. தேசியப்பள்ளி, சீனப்பள்ளி என மாற்று வழிகள் இருக்கையில், ஒவ்வோர் ஆண்டும் பெற்றோரின் விருப்பத்தினாலேயே தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டு வகுப்பு நிறைகிறது. அந்நம்பிக்கை குலைந்தால் இழப்பு பெருந்தொற்றோடு முடிந்துவிடாது.

இனியொரு மூடல் நேருமாயின் மூன்று ஏற்பாடுகள் முன்னரே அமைதல் வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் நன்கொடை, கட்டடம் ஆகியவற்றோடு நின்றுவிடாமல், வகுப்பறை அளவு, காற்றோட்டம், சுழல்முறை ஆகியவை குறித்துப் பள்ளி நிலையில் கலந்துரையாடும் களமாதல் வேண்டும். வீட்டிலிருந்து கற்போர்க்குத் தனி ஆசிரியர் ஒதுக்கப்படுதல் வேண்டும். திறந்த முதல் வாரங்களில் பாடத்திட்டத்தை விரைந்து முடிக்க முயலாது, ஒவ்வொரு குழந்தையின் வாசிப்பு நிலையையும் கண்டறிதல் வேண்டும். 2020இல் எழுத்தறியத் தொடங்கிய அக்குழந்தைகள் இன்று இடைநிலைப்பள்ளியை அடைந்துவிட்டனர். அவர்களுள் எத்தனை பேர் தமிழைத் தொடர்ந்து பயில்கின்றனர் என்பது தமிழாசிரியரும் ஆய்வாளரும் இணைந்து கண்டறிய வேண்டிய ஒன்றாகும்.