மூன்று விநாடிக் கோட்டை

ஒன்று, இரண்டு, மூன்று என்று நிதானமாக எண்ணிப் பாருங்கள். ஏறக்குறைய மூன்று விநாடி கழிந்திருக்கும். இந்த நேரத்திற்குள் உங்களால் என்ன செய்ய முடியும்? ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கலாம். செருப்பை மாட்டிக்கொள்ளலாம்.

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் படிக்கும் இருபது வயது இளைஞன் இதே மூன்று விநாடிக்குள் ஒரு மைதானத்தையே பார்த்து முடிக்கிறான். தன் தோழர்களில் யார் காவலின்றி இருக்கிறார் என்று கண்டுபிடித்து, அவரை நோக்கிப் பந்தை எறிகிறான். அதற்குள் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள நான்கைந்து பேர் அவனைத் தரையில் சாய்க்கப் பாய்ந்து வருகிறார்கள். அவர்கள் கையில் சிக்காமல் அவன் தப்புவது எப்படி? துணிச்சல் மட்டும் போதுமா? இல்லை. கண், மூளை, உராய்வு விசை ஆகிய மூன்றும் அதில் பங்கு கொள்கின்றன.

ஆட்டம் எப்படி?

நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம் வேறு. அமெரிக்கக் கால்பந்து வேறு. இதில் பந்து இரு முனையும் கூர்மையாக, முட்டையை இழுத்து நீட்டியது போல் இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், எறியவும் செய்யலாம். ஓர் அணிக்குப் பதினொரு பேர். களத்தின் நீளம், இரு கோடியிலும் உள்ள எல்லைப் பகுதிகள் நீங்கலாக, 100 கஜம். அதாவது சுமார் 91 மீட்டர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அவற்றுக்குள் அது 10 கஜமாவது முன்னேற வேண்டும்.

பந்தை எறியும் பொறுப்பு பெரும்பாலும் ஒருவருடையது. அவரைக் குவார்ட்டர்பேக் என்கிறார்கள். ஆட்டம் தொடங்கியதும் அவர் சில அடி பின்வாங்குவார். ஐந்து முன்வரிசைக் காவலர்கள் அவரைச் சுற்றிக் குதிரை லாடம் போல் வளைந்து நின்று எதிரிகளைத் தடுப்பார்கள். இந்த லாடத்தின் உட்புறத்துக்குத்தான் 'பாக்கெட்' என்று பெயர். சட்டைப் பையைப் போலவே அதற்கும் மூன்று பக்கம் அடைப்பு. ஆனால் இந்தப் பை இரண்டரை, மூன்று விநாடிகளில் கிழியத் தொடங்கிவிடும்.

பந்தை எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை எதிரி வீழ்த்திவிட்டால் அது 'சாக்'. விழுந்த இடத்திலிருந்துதான் அடுத்த வாய்ப்பு தொடங்கும். ஆகவே அணி பல கஜங்களை இழக்கும். கல்லூரி ஆட்டங்களில் அந்த இழப்பை, எறிபவர் ஓடி எடுத்த கஜங்களிலிருந்தும் கழித்துவிடுவார்கள்!

பார்க்காமல் பார்ப்பது

புதிதாக ஆட வந்த இளைஞன் செய்யும் முதல் தவறு என்ன தெரியுமா? பாய்ந்து வருபவர்களைப் பார்ப்பதுதான். அவன் கண் அருகிலுள்ள ஆபத்தின் மேல் விழுந்தவுடன், தொலைவில் ஓடும் தோழர்கள் அவன் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். தேர்ந்தவனோ தலையை நிமிர்த்தித் தொலைவையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்படியானால் அருகில் வருபவனை அவன் எதனால் அறிகிறான்?

நமது விழித்திரையின் நடுவில் சிறு குழி போன்ற ஓர் இடம் உண்டு. நுணுக்கமாகப் பார்ப்பதெல்லாம் அந்த இடத்தால்தான். கையை நீட்டிப் பிடித்தால் உங்கள் கட்டைவிரலின் அகலம் எவ்வளவு தெரிகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு பரப்பை மட்டுமே அது காணும். மற்றப் பரப்பெல்லாம் விழித்திரையின் ஓரங்களுக்கு உரியது. ஓரப் பார்வையில் எழுத்து தெரியாது. நிறம் சரியாகத் தெரியாது. ஆனால் அசைவு உடனே தெரியும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நேரே சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டிருங்கள். நண்பர் ஒருவர் உங்கள் பின்னாலிருந்து வண்ணப் பென்சில் ஒன்றை ஆட்டிக்கொண்டே மெதுவாகப் பக்கவாட்டில் கொண்டுவரட்டும். ஏதோ அசைகிறது என்பது முதலில் தெரியும். அது என்ன நிறம் என்பது இன்னும் சற்று முன்னால் வந்த பிறகே தெரியும். தேர்ந்த குவார்ட்டர்பேக், கண்ணின் நடுவைத் தோழர்களுக்கும் ஓரத்தை எதிரிகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடுகிறான்.

இன்னொரு செய்தி. நம்மை நோக்கி வரும் பொருளின் பிம்பம் விழித்திரையில் பெரிதாகிக்கொண்டே போகிறது. பிம்பம் பெரிதாகும் விகிதத்திலிருந்தே, அது நம்மேல் மோத இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைக் கணிக்கலாம். தொலைவும் வேகமும் தனித்தனியே தெரிய வேண்டியதில்லை. உளவியல் அறிஞர் டேவிட் லீ 1976-இல் இதைக் கணித முறையில் விளக்கினார்.

ஆனால் முதுகுப் பக்கம் வருபவனைக் காண வழியில்லை. வலக்கையால் எறிபவர் இடத் தோளை முன்னே காட்டி நிற்பார். எனவே களத்தின் இடப்புறம் அவருடைய முதுகுக்குப் பின்னால் போய்விடும். இதைக் குருட்டுப் பக்கம் என்பார்கள். அந்தப் பக்கத்தின் ஓரக் காவலருக்கு மதிப்பு அதிகம் என்பதில் வியப்பில்லை.

ஆயிரம் முறை பார்த்த காட்சி

ஒரு குறியைக் கண்டவுடன் கையை அசைக்க நமக்கு ஏறக்குறைய 0.2 விநாடி ஆகிறது. செய்யக்கூடியவை பல என்றால் நேரமும் கூடும். எதைச் செய்வது என்று மூளை தேர்ந்தெடுக்க வேண்டும் அல்லவா? பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் ஹிக் 1952-இல் இதை அளந்து காட்டினார்.

உங்கள் துலங்கல் நேரத்தை அளக்க ஓர் அடிக்கோல் போதும். நண்பர் அதைச் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். கீழ் நுனியில், கோலைத் தொடாமல் உங்கள் இரு விரல்களை விரித்து வையுங்கள். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். 15 செ.மீ. விழுந்த பின் பிடித்தால் உங்கள் நேரம் சுமார் 0.17 விநாடி. 20 செ.மீ. என்றால் 0.2 விநாடி. 30 செ.மீ. என்றால் 0.25 விநாடி.

பெரிய ஆட்டக்காரர்களுக்கு இந்த நேரம் மிகக் குறைவாக இருக்கும் என்று எண்ணுகிறீர்களா? நம்மைவிட அவர்கள் பெற்றிருக்கும் லாபம் இதில் சிறிதுதான். பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. சேஸ், சைமன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1973-இல் சதுரங்க ஆட்டக்காரர்களைச் சோதித்தார்கள். உண்மையான ஆட்டம் ஒன்றின் பலகையை ஐந்து விநாடி காட்டினால், வல்லுநர் பெரும்பாலான காய்களைச் சரியான கட்டங்களில் வைத்துவிட்டார். காய்களைத் தாறுமாறாக அடுக்கிக் காட்டியபோதோ அவரும் புதியவரைப் போலவே திணறினார். வல்லுநருக்கு நினைவாற்றல் அதிகம் என்பதல்ல. அவர் தனித்தனிக் காய்களைப் பார்க்காமல் பழகிய கூட்டங்களைப் பார்க்கிறார். குவார்ட்டர்பேக்கும் அப்படியே. ஆட்டம் தொடங்கும் முன்பே எதிரிகள் நிற்கும் ஒழுங்கைக் கண்டு, எந்தப் பக்கத்திலிருந்து பாய்ச்சல் வரும் என்று ஊகித்துவிடுகிறான். முன்கூட்டி ஊகித்தவனுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டியவை குறைவு. இது பிறவி வரமல்ல, பழக்கம்.

ஓர் அடி போதும்!

இனி இயற்பியலுக்கு வருவோம். 120 கிலோ எடையுள்ளவர் விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வந்து, அசையாமல் நிற்கும் 80 கிலோ இளைஞனைக் கட்டிப்பிடிக்கிறார் என்போம். உந்தம் அழியாது. ஆகவே இருவரும் சேர்ந்து விநாடிக்கு 4.2 மீட்டர் வேகத்தில் போவார்கள். இந்த மாற்றம் 0.1 விநாடியில் நடந்தால், இளைஞன் மேல் விழும் விசை அவன் எடையைப் போல் நான்கு மடங்குக்கும் அதிகம்!

ஆனால் அந்த வேகமே பாய்பவருக்குப் பகையாகவும் இருக்கிறது. ஓடுபவர் திரும்புவதற்குத் தரையின் உராய்வு வேண்டும். உராய்வுக் கெழு 0.8 என்று வைத்துக்கொண்டால், 7 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் சுமார் 6 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில்தான் திரும்ப முடியும். 2 மீட்டர் வேகத்தில் நகர்பவரோ அரை மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடலாம். வேகம் மூன்றரை மடங்கு. ஆரமோ பன்னிரண்டு மடங்கு! வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஆரம் கூடுவதே இதற்குக் காரணம். இந்தக் கணக்கில் எடைக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எனவே தப்புவதற்கு ஓட வேண்டியதில்லை. ஓர் அடி நகர்ந்தால் போதும். ஓரங்களிலிருந்து வருபவர்கள் காவலர்களைச் சுற்றி வில்லைப் போல் வளைந்து, குவார்ட்டர்பேக் நிற்கும் இடத்தைக் குறிவைத்து வருகிறார்கள். அவன் இரண்டு அடி முன்னே வைத்தால், அவர்கள் அவனுக்குப் பின்புறமாகக் கடந்து போய்விடுகிறார்கள். எப்போது நகர்வது என்பதுதான் கேள்வி. முன்னதாகவே நகர்ந்தால் எதிரி தன் பாதையைத் திருத்திக்கொள்வார். அவர் இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் இருக்கும்போது நகர்ந்தால், அதைக் கண்டு துலங்குவதற்கே அவருக்கு 0.2 விநாடி போய்விடும். அதற்குள் 1.4 மீட்டர் வந்துவிடுவார், திரும்ப இடமிராது.

ஆறு விநாடி மீதி

1984 நவம்பர் 23. மயாமி நகரின் ஆரஞ்சு பவுல் அரங்கம். பாஸ்டன் கல்லூரியும் மயாமி பல்கலைக்கழகமும் மோதின. மயாமி 45, பாஸ்டன் 41. ஆட்டம் முடிய ஆறே விநாடி இருந்தது. பாஸ்டன் அணியின் குவார்ட்டர்பேக் டக் ஃப்ளூட்டிக்கு வயது 22. உயரம் 178 செ.மீ. அவர் முன்னால் நின்றவர்கள் எல்லாம் அவரைவிட உயரமானவர்கள்.

பந்து மயாமியின் 48 கஜக் கோட்டில் இருந்தது. அதை வாங்கிய ஃப்ளூட்டி பின்வாங்கினார். பாய்ந்து வந்தவரிடம் சிக்காமல் வலப்புறம் விலகினார். தன் பக்கத்து 37 கஜக் கோடு வரை வந்து, எதிர்க்காற்றில் பந்தை எறிந்தார். அது 63 கஜம், அதாவது 57 மீட்டருக்கு மேல் பறந்தது. அவ்வளவு தொலைவு அவரால் எறிய முடியாது என்று எண்ணிய மயாமிக் காவலர்கள் முன்னே நின்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற ஜெரார்டு ஃபெலன் பந்தைப் பிடித்தார். பாஸ்டன் 47–45 என்று வென்றது. அவ்வாண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் பரிசும் ஃப்ளூட்டிக்குக் கிடைத்தது.

விட்டுவிடவும் தெரிய வேண்டும்

இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு வளரும் இளைஞனுக்கு ஓர் ஆபத்து உண்டு. எந்த நேரத்திலும் தப்பிவிடலாம் என்று நம்பிப் பந்தை விடாமல் வைத்திருப்பான். ஃப்ளூட்டியிடம் இருந்தது ஆட்டத்தின் கடைசி வாய்ப்பு. இழப்பதற்கு வேறெதுவும் இல்லை. மற்ற வேளைகளில் அடுத்த வாய்ப்பு உண்டு. வழி அடைபட்டால், விதி அனுமதிக்கும் இடத்துக்கு விலகிப் பந்தைக் களத்துக்கு வெளியே எறிந்துவிடுவதே அறிவுடைமை.

ஏனென்றால் தலைக்கவசம் மண்டையோட்டைக் காக்கும். மூளையை முழுதும் காக்காது. மூளை ஒரு திரவத்தில் மிதக்கிறது. தலை திடீரென்று நின்றாலும் சுழன்றாலும், அது உள்ளே குலுங்கி நரம்பு இழைகள் இழுபடும். வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் உள்ளே காயம் உண்டாகலாம். அதனால்தான் தற்காக்க முடியாத நிலையில் இருப்பவரின் தலையைக் குறிவைத்துத் தாக்குபவரைக் களத்தை விட்டே வெளியேற்றும் விதி 2013-இல் கல்லூரி ஆட்டத்தில் வந்தது.

எதிரி எங்கே என்று பார்க்காமலே அறிவது ஒரு திறமை. ஓர் அடியில் அவரை ஏமாற்றுவது இன்னொரு திறமை. மூன்று விநாடி முடிந்துவிட்டது என்று உணர்ந்து பந்தை விட்டுவிடுவது மூன்றாவது திறமை. முதல் இரண்டுக்கும் அரங்கம் கை தட்டும். மூன்றாவதற்கு யாரும் கை தட்டுவதில்லை. ஆனால் மறுநாள் அந்த இளைஞன் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்பது அந்த மூன்றாவது திறமையால்தான்.