வரிசையில் சின்னம் எங்கே நிற்க வேண்டும்?

செல்போனில் ஏதாவது ஒரு பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் குட்டிப் படம் ஒன்று இருக்கும். அதுதான் ஐகான். "அது எங்கே இருந்தால் என்ன?" என்றுதான் நானும் நினைத்தேன். அதனால் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

என் அப்பா பட்டுத்தறி நெய்கிறார். எந்தச் சேலைக்கு எவ்வளவு கூலி வந்தது, எவ்வளவு பாக்கி என்று குறித்து வைக்க ஒரு ஆப் செய்து கொடுத்தேன். சேலைப் படம், திருத்தப் பென்சில், அழிக்கக் குப்பைத்தொட்டி, மூன்றையும் இடது ஓரத்தில் நெருக்கி அடுக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது! நாலாம் நாள் அப்பா பென்சிலைத் தொடப் போய்க் குப்பைத்தொட்டியைத் தொட்டுவிட்டார். 1,500 ரூபாய் பாக்கிக் கணக்கு போயே போச்சு! பழைய நோட்டிலும் எழுதியிருந்ததால் தப்பித்தோம். "எனக்குத்தான் இதெல்லாம் சரியா வரலம்மா" என்றார் அப்பா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தப்பு அவருடையது இல்லையே, என்னுடையதுதானே?

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அக்கா ஞாயிற்றுக்கிழமை வந்தாள். என் நிரலை வரி வரியாகப் படித்தாள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் இப்படிச் சரிபார்ப்பதற்குக் கோட் ரிவ்யூ என்று பெயர்.

"நம்ம ஜக்கார்டு அட்டையை நினைச்சுப் பாருடி. ஒரு துளை தப்பா விழுந்தா என்ன ஆகும்?" என்று கேட்டாள்.

"ஒவ்வொரு புட்டாவிலும் அதே தப்பு வரும்."

"இதுவும் அப்படித்தான். ஒரு வரிக்குத்தான் நீ நிரல் எழுதுற. நூறு வரிக்கும் அதுதான் திரும்பத் திரும்ப வருது. அதனாலதான் முதல்லயே பார்க்கணும்."

அவள் சொன்ன திருத்தங்கள்:

1. 'இது என்ன' என்று காட்டும் படம் வரியின் தொடக்கத்தில். 'இதைச் செய்' என்னும் ஐகான் வரியின் முடிவில். வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பாருங்கள். வரிசை எண், பெயர், 2015 முதல் வேட்பாளர் படம், பிறகு சின்னம். அழுத்தும் நீலப் பொத்தான் கடைசியில்தான்!

2. தொடும் இடம் ஒவ்வொன்றும் 48 டிபி, அதாவது சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது ஆண்ட்ராய்டு வழிகாட்டி. படம் சிறியதாக இருக்கலாம், தொடும் இடம் சிறியதாக இருக்கக் கூடாது.

3. நிரலில் 'இடது, வலது' என்று எழுதாமல் 'தொடக்கம், முடிவு' என்று எழுத வேண்டும். உருது வலமிருந்து இடமாகப் படிக்கும் மொழி. மொழிக்கு ஏற்ப வரியைத் திருப்பும் வசதி 2012-ல் ஆண்ட்ராய்டு 4.2-லேயே வந்துவிட்டது.

4. தொடும் ஐகானுக்கு ஒரு பெயர் எழுத வேண்டும். பார்வையற்றோருக்கு டாக்பேக் அதைத்தான் வாசித்துக் காட்டும்.

5. அழிக்கும் ஐகான் வரியிலேயே வேண்டாம். உள்ளே திறந்த பிறகு, "அழிக்கவா?" என்று கேட்டு அழிக்கட்டும்.

எல்லாவற்றையும் மாற்றினேன். இப்போது அப்பா தறியில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் கணக்கு எழுதுகிறார். ஆனாலும் பழைய நோட்டை விடவில்லை!

நண்பர்களே, நாம் செய்ததில் உள்ள குறை நம் கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தாளை ஒட்டுவதற்கு முன் என் தோழியிடம் காட்டினேன். மூன்று எழுத்துப்பிழை பிடித்தாள். நாலாவது இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்!

– பன்னிரண்டாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி